அமிலம் வரைந்த கவசம்

1943-ஆம் ஆண்டு ஜெர்மன் ராணுவம் தன் டாங்கிகளின் பக்கவாட்டில் மெல்லிய இரும்புத் தகடுகளைத் தொங்கவிடத் தொடங்கியது. ஜெர்மன் மொழியில் அவற்றுக்கு வழங்கிய பெயர் 'ஷுர்ட்சென்'. அடுப்படியில் வேலை செய்பவர்கள் உடைமேல் கட்டிக்கொள்ளும் துணிக்குரிய சொல் அது. பாந்தர் என்னும் டாங்கியில் தொங்கிய அத்தகட்டின் கனம் 5 மில்லிமீட்டர். சோவியத் காலாட்படையினர் வைத்திருந்த 14.5 மில்லிமீட்டர் டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கியின் குண்டு, டாங்கியின் பக்கச் சுவரை எட்டுமுன் தடுமாறி வலுவிழக்க வேண்டும் என்பதே நோக்கம். மாட்டிகளில் தொங்கியதால் தகடுகளை எளிதில் கழற்றலாம். காட்டு வழியில் மரத்தில் சிக்கினால் அவை தாமே பிய்ந்து விழவும் செய்யும். அக்காலத்துப் புகைப்படங்கள் பலவற்றில் ஒன்றிரண்டு தகடுகள் காணாமற்போயிருப்பதைப் பார்க்கலாம்.

இந்த 5 மில்லிமீட்டரை 16-ஆல் வகுத்தால் 0.31 வருகிறது. மாலை வேளைகளில் மேசைவிளக்கின் கீழ்க் குனிந்து அமர்ந்திருக்கும் சிலருக்கு இந்த எண் ஒரு தீராத தொல்லை. அவர்கள் ரேடியோ அலையால் இயங்கும் மாதிரி டாங்கிகளைக் கட்டுகிறவர்கள். பதினாறில் ஒரு பங்கு அளவில் செய்யப்படும் பாந்தர், பீரங்கிக் குழலோடு சேர்த்து 54 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். கையிலுள்ள கருவியின் கட்டளைக்கு ஏற்ப அது நகரும், திரும்பும், மேடேறும்; அதன் மேற்கூடு சுழலும். ஆனால் பெட்டியில் வரும் பிளாஸ்டிக் உறுப்புகளை 0.31 மில்லிமீட்டர் கனத்தில் வார்த்தெடுக்க இயலாது. உருகிய பிளாஸ்டிக் அவ்வளவு குறுகலான இடுக்கை நிரப்புவதற்குள் குளிர்ந்து உறைந்துவிடும். ஒரு மில்லிமீட்டர் கனத்தில் வார்த்தால்கூட, அது உண்மையான டாங்கியில் 16 மில்லிமீட்டர் தகட்டுக்குச் சமம். மும்மடங்கு தடித்த பொய். அந்தப் பொய்யைப் பொறுக்க மாட்டாதவர்கள் பித்தளையை நாடுகிறார்கள். அமிலத்தால் அரித்து வடிக்கப்பட்ட மெல்லிய பித்தளைத் தகடுகளை வாங்கி, வெட்டி, மடித்து, பற்றவைத்து, ஓடும் பொம்மைக்கு உலோக உடை உடுத்துகிறார்கள்.

இலக்கியம் பேசும் இடத்தில் பொம்மை டாங்கிக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். அந்தப் பித்தளைத் தகட்டின் பின்னே ஐந்நூறு ஆண்டுக் கதை இருக்கிறது. கவசத்தில் தொடங்கி, ஓவியத்துக்குள் புகுந்து, ஒளியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, மின்சாரத்தைத் தொட்டு, மீண்டும் கவசத்துக்கே வந்து சேர்ந்த கதை. அதன் நடுவே போரை எப்படிப் பார்ப்பது என்ற கேள்வியும் கிடக்கிறது.

*

தென்ஜெர்மனியிலுள்ள ஆக்ஸ்பர்க், பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் கவசம் செய்யும் கைவினைஞர்களின் ஊர். மன்னர்களும் பிரபுக்களும் அங்கே கவசம் செய்வித்துக்கொண்டார்கள். உருக்குத் தகட்டில் உளியால் சித்திரம் வெட்டுவது கடினம். தகட்டின் வலிமையும் கெடும். ஆகவே வேறொரு வழி பழக்கத்திலிருந்தது. தகட்டின்மேல் மெழுகோ பிசினோ கலந்த பூச்சைத் தடவி, அதில் ஊசியால் கோடு கீறி, அரிக்கும் திரவத்தை ஊற்றினால், பூச்சு விலகிய இடத்தில் மட்டும் உலோகம் தின்னப்படும். பூச்சைத் துடைத்தால் சித்திரம் நிற்கும். கை வலுவுக்கு இங்கே வேலை குறைவு. மெழுகில் கோடு போடத் தெரிந்தால் போதும்.

இக்கலையில் தேர்ந்த டேனியல் ஹோப்ஃபர் என்பவர் 1493-இல் ஆக்ஸ்பர்க் நகரத்தின் குடியுரிமை பெற்றார். அமிலம் தின்ற பள்ளத்தில் மை நிரப்பித் தாளை அழுத்தினால் சித்திரம் தாளுக்கு வரும் என்பதை முதன்முதலில் முறையாகக் கையாண்டவர் அவரே என்று கலை வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். அவர் பயன்படுத்தியது கவசக்காரரின் இரும்புத் தகடுதான். 1536-இல் அவர் ஒப்பமிட்டு அலங்கரித்த கேடயம் ஒன்று மாட்ரிட் அரச ஆயுதசாலையில் இருக்கிறது. அதே ஆண்டில் அவர் மறைந்தார். ஆண்டு பொறிக்கப்பட்ட அமில அச்சோவியங்களில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழையது 1513-ஆம் ஆண்டினது. அதைச் செய்த சுவிஸ் நாட்டு உர்ஸ் கிராஃப் பொற்கொல்லர், கூலிப்படை வீரரும்கூட. இந்தக் கலையின் பிறப்பறையில் போர் முதலிலிருந்தே உட்கார்ந்திருந்தது.

பெரும் ஓவியரான ஆல்பிரெக்ட் துரர் 1515-க்கும் 1518-க்கும் இடையே இம்முறையில் ஆறு படங்கள் மட்டுமே செய்தார். இறுதிப் படம் ஒரு பீரங்கி. சக்கர வண்டியில் ஏற்றிய நீண்ட குழல், அதனருகே சிலர், பின்னால் விரிந்த நிலம். இரும்புத் தகட்டை அரித்துப் பீரங்கிக் குழலை வரைந்திருக்கிறார். அதன்பின் அவர் இம்முறையைத் தொடவில்லை. இரும்பில் கோடு முரடாக விழும்; தகடும் எளிதில் துருப்பிடிக்கும். 1520-இல் நெதர்லாந்து ஓவியர் லூகாஸ் வான் லெய்டன் பேரரசர் மாக்ஸிமிலியனின் உருவத்தைச் செம்புத் தகட்டில் அரித்து அச்சிட்டார். செம்பு பயன்பாட்டுக்கு வந்த பிறகுதான் கோடு மயிரிழையாயிற்று.

ஷாக் கலோ என்ற பிரெஞ்சுக் கலைஞரை இங்கே சற்று நின்று கவனிக்க வேண்டும். மென்மையான மெழுகுக்குப் பதிலாக, யாழ்போன்ற நரம்புக் கருவிகளுக்குப் பூசும் கெட்டி வார்னிஷை அவர் தகட்டில் பூசினார். கோடு பிசிறவில்லை. சில கோடுகள் போதிய ஆழம் அரித்ததும் அவற்றை மூடிவிட்டு மற்றவற்றை மேலும் அரிக்கவிட்டார். ஒரே தகட்டில் பல ஆழங்கள் கிடைத்தன. முன்னிற்பவை அழுத்தமாகவும் தொலைவிலுள்ளவை மெலிந்தும் தெரிந்தன. 1633-இல் வெளியான 'போரின் பெருந்துயர்கள்' என்ற அவருடைய தொகுதியில் பதினெட்டுப் படங்கள். ஒவ்வொன்றும் கையகலம். படை திரட்டல், கொள்ளை, எரியும் ஊர், ஒரே மரத்தில் கொத்தாகத் தூக்கிலிடப்பட்ட மனிதர்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு பார்த்தால்தான் முகங்கள் புலப்படும். நுண்மை என்பது அலங்காரத்துக்கு மட்டும் உரியதன்று என்று அவருடைய அமிலம் காட்டியது. 1645-இல் ஆப்ரஹாம் போஸ் இக்கலைக்கு ஒரு கையேடு எழுதி வெளியிட, கவசக்காரரின் தொழில் இரகசியம் எல்லோருக்கும் உரியதாயிற்று.

*

அடுத்த பாய்ச்சல் பத்தொன்பதாம் நூற்றாண்டில். கோட்டைக் கைதான் கீற வேண்டுமா, ஒளி கீறாதா?

பிரான்ஸில் நிசெஃபோர் நியெப்ஸ், ஜூதேயா நிலக்கீல் என்னும் ஒருவகைக் கீலைத் தகட்டில் தடவினார். வெயில் படும் இடத்தில் அது இறுகும். படாத இடத்தில் லாவெண்டர் எண்ணெயில் கரைந்து போகும். 1826-இல் ஒரு கர்தினாலின் உருவம் அச்சிட்ட தாளை எண்ணெயூட்டி ஒளி ஊடுருவச் செய்து, அதைத் தகட்டின்மேல் வைத்து வெயிலில் காட்டினார். கழுவிய பின் அமிலம் அந்தக் கோடுகளை மட்டும் தின்றது. ஊசி பிடித்த கை தேவைப்படவில்லை. புகைப்படத்தின் பிறப்பும் ஒளியால் உலோகத்தை அரிக்கும் தொழிலின் பிறப்பும் ஏறத்தாழ ஒரே மேசையில் நிகழ்ந்தவை.

இங்கிலாந்தில் ஃபாக்ஸ் டால்பட், 1852-இல் டைகுரோமேட் கலந்த ஜெலட்டின் ஒளிபட்டால் இறுகும் என்பதைக் கொண்டு உருக்குத் தகடுகளை அரித்துக் காப்புரிமை பெற்றார். 1858-இல் பெற்ற அடுத்த காப்புரிமையில் அரிக்கும் பொருளாக அவர் எடுத்துக்கொண்டது பெர்ரிக் குளோரைடு. இன்று மாதிரி டாங்கிக்கான பித்தளை வலைகளையும் பெரும்பாலும் இந்தப் பழுப்புத் திரவமே தின்று வடிக்கிறது. வேதியியல் கணக்கில் அது உப்பு. அதன் கரைசல்தான் அமிலத்தன்மை கொண்டது. பேச்சு வழக்கில் எல்லாம் அமிலமே.

இருபதாம் நூற்றாண்டில் இத்தொழில் ஓவியத்தைவிட்டு எந்திரத்துக்குள் இறங்கியது. 1907-இல் வியன்னாவில் பிறந்த யூதரான பால் ஐஸ்லர், தம் நாட்டில் பொறியியல் வேலை கிடைக்காமல் 1936-இல் இங்கிலாந்து வந்து சேர்ந்தார். ரேடியோவுக்குள் சிக்கலாகக் கிடந்த கம்பிகளுக்குப் பதிலாக, காப்புப் பலகையில் ஒட்டிய செம்புத் தாளில் தேவையான பாதைகளை மட்டும் நிறுத்திவிட்டு மீதியை அரித்து நீக்கலாம் என்பது அவருடைய எண்ணம். அப்படி ஒரு ரேடியோவையும் செய்து காட்டினார். போர் மூண்டதும் எதிரி நாட்டவர் என்று 1940-இல் காவலில் வைக்கப்பட்டார். விடுதலையான பின் 1943-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். டாங்கிகளில் இரும்புத் தகடு தொங்கவிடப்பட்ட அதே ஆண்டு. இன்று நம் கைப்பேசி முதல் அரவை எந்திரம் வரை எல்லாவற்றுக்குள்ளும் இருக்கும் சர்க்யூட் போர்டு அந்த எண்ணத்தின் வாரிசு. 1950-களில் வந்த வண்ணத் தொலைக்காட்சிக் குழாயினுள், இலட்சக்கணக்கான துளைகள் கொண்ட மெல்லிய தகடொன்று இருந்தது. அந்தத் துளைகளை இட்டதும் ஒளியும் அரிப்பும்தான்.

ஆகவே ரேடியோவால் இயங்கும் ஒரு மாதிரி டாங்கியின் மேற்புறத்தில் ஒட்டிய பித்தளை வலையும், அதன் வயிற்றுக்குள் கட்டளை வாங்கும் சர்க்யூட் போர்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று பார்ப்பதற்கு, மற்றொன்று இயங்குவதற்கு. இரண்டும் ஆக்ஸ்பர்க் கவசக்காரரின் வழித்தோன்றல்கள்.

*

இந்தப் பொம்மையின் சொந்த ஊர் ஜப்பானின் ஷிசுவோகா. 1945 ஜூன் மாதத்து அமெரிக்க விமானத் தாக்குதலில் எரிந்த நகரம் அது. மறு ஆண்டு அங்கே யோஷியோ டாமியா மர வியாபாரம் தொடங்கினார். சில ஆண்டுகளில் அந்நிறுவனம் மரத்தாலான மாதிரிக் கப்பல்களும் பிறவும் செய்து விற்றது. 1960-இல் பிளாஸ்டிக்குக்கு மாறி, யமாட்டோ போர்க்கப்பலை முதலில் வார்த்தது. எதிர்பார்த்த வெற்றி கிட்டவில்லை. 1961-இன் இறுதியில் வந்த பாந்தர் டாங்கிதான் நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியது. உள்ளே மோட்டார் வைத்து ஓடக்கூடிய பொம்மை. பெட்டியின் மேல் ஷிகேரு கோமாட்சுசாகி தீட்டிய ஓவியம்.

அந்தப் பாந்தரின் அளவுக்கு ஒரு வேடிக்கையான காரணம் உண்டு. உள்ளே இரண்டு பாட்டரிகள் அடங்க வேண்டும் என்பதற்கேற்ப உடலின் பருமனைத் தீர்மானித்தார்கள். பிற்பாடு நிறுவனரின் மகன் ஷுன்சாகு டாமியா அதை அளந்து பார்த்தபோது, அது உண்மையில் ஏறத்தாழ முப்பத்தைந்தில் ஒரு பங்காக இருந்தது. அடுத்த டாங்கிகளையும் அதே அளவில் செய்தார்கள். உலகமெங்கும் ராணுவ மாதிரிகளுக்கு 1/35 என்ற அளவு நிலைத்தது. ஒரு தலைமுறையின் துல்லிய வெறி, தற்செயலாய் அமைந்த பாட்டரிப் பெட்டியின் மேல் எழுந்து நிற்கிறது.

1966-இல் ஷுன்சாகு டாமியா அமெரிக்காவின் அபர்டீன் ராணுவ அருங்காட்சியகத்துக்குச் சென்று, அங்கே நிறுத்தியிருந்த டாங்கிகளை நுணுக்கமாகப் படம்பிடித்து வந்தார். தம் நகரத்தை எரித்த நாட்டின் திடலில், அப்போரில் பங்குபெற்ற எந்திரங்களை அளந்துகொண்டிருந்த ஜப்பானியரை எண்ணிப் பார்க்கிறேன். 1974-இல் அந்நிறுவனம் வெளியிட்ட முதல் ரேடியோ கட்டுப்பாட்டு மாதிரி, பதினாறில் ஒரு பங்கு அளவிலான அமெரிக்க ஷெர்மன் டாங்கி. 1990-களின் இறுதியில் வந்த அதே அளவு டாங்கிகள் எஞ்சின் ஓசை எழுப்பின. சுடும்போது குழல் பின்னிழுத்தது, முனையில் ஒளி மின்னியது. ஷுன்சாகு டாமியா 2025 ஜூலையில் தம் 90-ஆம் வயதில் காலமானார்.

பித்தளை நுண்தகடுகளை விற்பவை பெரும்பாலும் வேறு நிறுவனங்கள். செக் நாட்டின் எடுவார்ட் 1989-இல் தொடங்கப்பட்டது. போலந்தின் ஆபெர் நிறுவனம் 1/16 அளவு டாங்கிகளுக்கென்றே தகடுத் தொகுதிகள் செய்கிறது. செக் மண்ணும் போலந்து மண்ணும் அந்த ஜெர்மன் டாங்கிகளின் எடையை நேரடியாகச் சுமந்தவை.

*

தகடு எப்படி உருவாகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். பித்தளைத் தகட்டின் இரு பக்கமும் ஒளியில் இறுகும் படலம் ஒட்டுவார்கள். இரு பக்கமும் வரைபடச் சுருளை ஒன்றுக்கொன்று பிசகாமல் பொருத்தி, புற ஊதா ஒளியில் காட்டி, கழுவி, பெர்ரிக் குளோரைடைப் பீய்ச்சுவார்கள். இரு பக்கமும் திறந்திருக்கும் இடம் முற்றாகத் தின்னப்பட்டு ஓட்டையாகும். ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கும் இடம் பாதி ஆழம் அரிபட்டுப் பள்ளமாகும். அந்தப் பள்ளம்தான் மடிப்புக் கோடு. பள்ளம் உட்புறம் வருமாறு மடித்தால் மூலை கூராக நிற்கும். கலோ தம் தகட்டில் கண்ட பல ஆழங்களின் பயனை இங்கே காணலாம். அமிலம் கீழே மட்டும் இறங்குவதில்லை, பக்கவாட்டிலும் தின்னும். எனவே தகட்டின் கனத்தைவிட மெலிந்த கம்பியை வடிப்பது கடினம். எஞ்சின் மூடியின்மேல் வரும் காற்று வலை நுண்மையாக வேண்டுமென்றால் தகடும் மெலிதாக வேண்டும்.

வாங்கியவருக்கு வேலை அதன்பின்தான். கூரிய கத்தியால் உறுப்பை விடுவித்து, விளிம்பை அரத்தால் தேய்க்க வேண்டும். வளைக்க வேண்டிய உறுப்பை நெருப்பில் காட்டினால் பித்தளை இளகி, பிடித்த பிடிக்கு வரும்; காட்டாமல் வளைத்தால் எகிறித் திரும்பும். அலமாரியில் நிற்கும் மாதிரிக்குச் சயனோஅக்ரிலேட் பசையே போதும். ஓடும் மாதிரியில் அது நிலைக்காது. மோட்டாரின் அதிர்வு இடைவிடாமல் தட்டிக்கொண்டே இருக்கும். உறைந்த அந்தப் பசை கண்ணாடிபோல் முறியும். ஆகவே பித்தளையோடு பித்தளை சேரும் இடங்களில் பற்றாசு வைக்கிறார்கள். பித்தளை பிளாஸ்டிக்கைத் தொடும் இடங்களில் நுண் திருகுகள், அல்லது உண்மை டாங்கியில் இருந்தது போன்ற மாட்டிகள். வெட்டி எறிந்த பித்தளைத் துணுக்கு ஒன்று உள்ளே விழுந்தால் சர்க்யூட் போர்டில் குறுக்குத் தடம் போட்டுப் புகையவைத்துவிடும். சுற்றிலும் உலோகம் மூடினால் ஆண்டெனாவுக்கு அலை எட்டாது. உலோகத்தில் வண்ணம் ஒட்டாது என்பதால், முதலில் உலோகத்துக்கான அடிப்பூச்சு.

எடையிலும் ஒரு கணக்கு இருக்கிறது. நீளம் பதினாறில் ஒன்றானால் எடை 4,096-இல் ஒன்றாகும். 45 டன் பாந்தர் 11 கிலோவாக வேண்டும். பிளாஸ்டிக் பொம்மை அதைவிட மிகவும் இலேசு; எனவே தரையில் துள்ளிக்கொண்டு ஓடும். உலோகத் தடச்சங்கிலியும் பித்தளைத் தகடும் ஏறஏற அது தயங்கி நகர்ந்து, நிற்கும்போது முன்னுக்கு ஒருமுறை தலைசாய்க்கும். ஆனால் பற்சக்கரங்களுக்கு அத்தனை பாரம் தாங்காது. உண்மையான பாந்தரின் நோயும் அதுவே. 1943 ஜூலையில் குர்ஸ்க் போர்க்களத்துக்கு அனுப்பப்பட்ட ஏறத்தாழ 200 பாந்தர்களில் பல, எதிரி அடித்துச் சாயுமுன் தாமே பழுதாகி நின்றன.

எனக்கு அறிமுகமான ஒருவர் கட்டிய பாந்தரைப் பார்த்திருக்கிறேன். பக்கத் தகடுகளில் ஒன்று இல்லை. அடுத்த தகட்டின் கீழ்மூலை மடங்கியிருந்தது. விட்டுப்போயிற்றா என்று கேட்டேன். "இல்லைங்க சார், செஞ்சு மாட்டிட்டு அப்புறம் பிடுங்கினேன்" என்றார். மரத்தில் மோதி இழந்ததாக வைத்துக்கொள்ளலாமாம். காலி மாட்டியின் அருகே மட்டும் வண்ணம் சற்றுப் புதிதாக இருந்தது, தகடு மூடியிருந்த இடம் என்பதால். சிறுகதை எழுதுகிறவர் சொல்லாமல் விடும் வாக்கியத்தின் நினைவு வந்தது. இரண்டு மாத உழைப்பில் செய்த உறுப்பைப் பிடுங்கி எறிந்த கைக்கு, நுட்பத்தைக் காட்டிலும் நடந்ததொன்றைச் சொல்வதில் ஆவல் அதிகம்.

*

பொம்மையும் ஆயுதமும் எப்போதும் அண்டை வீட்டார்தாம். வெர்சாய் உடன்படிக்கை டாங்கிகளைத் தடைசெய்தபோது, 1920-களின் ஜெர்மன் ராணுவம் கார்களின்மேல் துணியும் மரமும் தகரமும் கட்டிப் பொய் டாங்கிகளோடு பயிற்சி செய்தது. அந்தப் பயிற்சியில் விளைந்தவையே பின்னாளின் மெய்யான படைகள். ரேடியோ கட்டுப்பாடும் அப்படியே. 1898-இல் நிக்கோலா டெஸ்லா நியூயார்க்கில் ஒரு தொட்டி நீரில் சிறு படகைக் கம்பியின்றிச் செலுத்திக் காட்டினார். 1939-40 குளிர்காலத்துப் பின்லாந்துப் போரில் சோவியத் படை ஆளில்லாத டாங்கிகளை, பின்னால் வரும் இன்னொரு டாங்கியிலிருந்து ரேடியோவால் ஓட்டியது. ஜெர்மானியரின் கோலியாத் ஒன்றரை மீட்டர் நீளமே உள்ள, கம்பியால் கட்டளை பெறும் வெடிவண்டி. 1944-இல் வார்சாவில் எழுச்சி செய்த மக்கள்மீதும் அது ஏவப்பட்டது. 450 கிலோ வெடிமருந்து சுமந்த போர்க்வார்ட் வண்டிகளை டைகர் டாங்கிகளில் அமர்ந்து ரேடியோவால் செலுத்திய படைப்பிரிவுகளும் இருந்தன.

2022-இல் ரஷ்யா உக்ரைன்மீது தொடுத்த முழு அளவுப் போரில், பந்தய ஆட்டத்துக்கென விற்ற மோட்டாரும் கட்டுப்பாட்டுக் கருவியும் குண்டு சுமக்கும் ட்ரோன்களாயின. அவற்றுக்கு அஞ்சி டாங்கிகளின்மேல் இரும்புக் கூண்டுகளும் வலைகளும் எழுந்தன. எண்பது ஆண்டு கழித்து 'ஷுர்ட்சென்' வேறு உருவில் திரும்பியிருக்கிறது. அந்தக் கூண்டுகளும் சிறிய அளவில் பித்தளையில் வடிக்கப்பட்டுவிட்டன.

*

1945 மார்ச் 6 அன்று கொலோன் நகரப் பேராலயத்தின் அருகே நடந்த டாங்கிச் சண்டையை அமெரிக்க ராணுவத்தின் ஒளிப்பதிவாளர் ஜிம் பேட்ஸ் படமெடுத்தார். ஒரு பாந்தரின் குண்டுக்கு ஷெர்மன் ஒன்று இரையாகிறது. சற்றுப் பொறுத்து பெர்ஷிங் ஒன்று அந்தப் பாந்தரை அடிக்கிறது. தீ எழுகிறது. உள்ளிருந்தவர்கள் மூடியைத் திறந்துகொண்டு வெளியே குதிக்கிறார்கள். சில நிமிடங்களே ஓடும் படம். ஷெர்மன், பாந்தர், பெர்ஷிங் மூன்றும் இன்று 1/16 அளவில், ஓடும் நிலையில், கடையில் கிடைக்கின்றன. மாதிரி கட்டுவோர் அந்தப் படத்தைச் சட்டகம் சட்டகமாக நிறுத்திப் பார்ப்பதுண்டு, கருவிப் பெட்டி எந்தப் பக்கம் இருந்தது என்றறிய.

இதைப் படித்தவுடன் எழும் அருவருப்பு எனக்கும் எழுந்தது. கலோவும், 1810-களில் போரின் கொடுமைகளை அரித்த கோயாவும் அமிலத்தை மனித உடலின்மேல் செலுத்தினார்கள். கோயாவின் தொகுதி அவர் இறந்து 35 ஆண்டுகள் கழித்து, 1863-இல்தான் வெளிவந்தது. நாமோ அதே அமிலத்தைத் திருகாணியின் தலைமேல் செலுத்துகிறோம். பாந்தருக்குள் ஐந்து பேர் இருந்தார்கள். பொம்மைக்குள் பாட்டரி இருக்கிறது. பீரங்கி முனையில் மின்னும் ஒளிக்கு எதிர்முனை கிடையாது.

ஆனால் அருவருப்போடு நின்றுவிடுவதும் நேர்மையாகாது. எச்.ஜி.வெல்ஸ் 1903-இல் டாங்கியை முன்கூட்டியே கற்பனை செய்து கதை எழுதியவர். 1913-இல் பொம்மை வீரர்களை வைத்து ஆடும் போர் விளையாட்டுக்கு விதிநூல் எழுதியவரும் அவரே. பொம்மைப் போரை ஆடிப் பார்த்தால் மெய்ப்போர் எவ்வளவு மடத்தனமானது என்று விளங்கும் என்பது அவருடைய வாதம். மறு ஆண்டே உலகப் போர் வெடித்தது. 1916 செப்டம்பர் 15 அன்று சோம் களத்தில் முதல் டாங்கிகள் இறங்கின. வெல்ஸின் வாதம் தோற்றது என்று சொல்லலாம். எனினும் அந்தக் காலி மாட்டியைப் பார்த்த பிறகு, அதை முழுவதும் ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. எந்தத் தகடு, ஏன் போயிற்று என்று ஒருவர் கேட்கத் தொடங்கினால், அடுத்த கேள்வி அதற்குள் இருந்தவரையும் அதன் எதிரே நின்றவரையும் பற்றியதாகத்தான் இருக்க முடியும். பலர் அந்தக் கேள்விக்கு முன்பே நின்றுவிடுகிறார்கள் என்பதே என் வருத்தம். பித்தளை அவ்வளவு அழகாக இருப்பது அதற்கு ஒரு காரணம்.

துரரின் 1518-ஆம் ஆண்டுப் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கண் முதலில் போவது பீரங்கிக்குத்தான். அதன் சக்கரமும் வண்டியும் அத்தனை அக்கறையோடு வரையப்பட்டிருக்கின்றன. ஆனால் அதன் பின்னால் ஒரு கிராமம் இருக்கிறது. கூரைகளும் மரங்களும் தொலைவில் மங்கும் நிலமும். பீரங்கியை வரைந்த அதே ஊசியால், அதே தகட்டில், துரர் அந்த வீடுகளையும் கீறியிருக்கிறார். கடைகளில் விற்கும் பித்தளைத் தொகுதிகளின் பட்டியலில் எவ்வளவோ இருக்கின்றன. அந்தக் கிராமத்தை அவரவரே வரைந்துகொள்ள வேண்டியிருக்கிறது.